கூரைக்கு மேல் இருக்கும் சிக்னல்

செல்போன் சிக்னல் பூஸ்டர் மூன்று உறுப்புகளால் ஆனது. மொட்டை மாடியிலோ வெளிச்சுவரிலோ பொருத்தும் ஓர் ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு சிறிய ஆன்டெனா, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தில் இயங்கும் பெருக்கி. வெளி ஆன்டெனா டவரிலிருந்து வரும் அலையைப் பிடிக்கிறது. கேபிள் அதைப் பெருக்கியிடம் சேர்க்கிறது. பெருக்கி அதன் வலுவைக் கூட்டி உள் ஆன்டெனா வழியாக அறைக்குள் பரப்புகிறது. போனிலிருந்து கிளம்பும் அலையும் இதே பாதையில் எதிர்த்திசையில் பயணப்பட்டு டவரை அடைகிறது. தொலைத்தொடர்புத் துறையில் இதற்கு ரிப்பீட்டர் என்று பெயர், கடைத்தெருவில் பூஸ்டர். இல்லாத சிக்னலை உண்டாக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. கூரைக்கு மேல் இருப்பதைக் கூரைக்குக் கீழே கொண்டுவருவது மட்டுமே இதன் வேலை. அந்த வேலையையும் அக்கம்பக்கத்தாரின் போன்களைத் தொந்தரவு செய்யாமல் முடிப்பது, விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு எளிதல்ல.

சிக்னலின் வலு டிபிஎம் என்ற அலகில் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிவாட் திறனைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்கு மேலும் கீழும் எண்ணும் அளவுகோல் இது. போனுக்கு வந்து சேரும் சிக்னல் மில்லிவாட்டைவிட மிக மிகச் சிறியது என்பதால் எண் எப்போதும் மைனஸில்தான் இருக்கும். 10 குறைந்தால் வலு பத்தில் ஒன்றாகிறது. 3 குறைந்தால் பாதியாகிறது. ஆகவே மைனஸ் 70க்கும் மைனஸ் 110க்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. 4ஜி போனில் மைனஸ் 80 அல்லது அதற்கு மேல் என்றால் மிக நல்ல சிக்னல். மைனஸ் 100ஐத் தாண்டிக் கீழே போனால் பேச்சு தடைப்படத் தொடங்கும். மைனஸ் 110க்கும் கீழே இணைப்பு எந்த நேரமும் அறுந்துபோகலாம். அந்த நிலையில் போனுக்குக் கிடைப்பது ஒரு வாட்டில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதிலிருந்தும் ஒரு மனிதக் குரலை மீட்டெடுக்க முடிகிறது என்பது வானொலிப் பொறியியலின் பெரிய சாதனை.

போன் திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்த அளவுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான விதி இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறார்கள். 2010இல் ஐபோன் 4 வெளியானபோது, கையில் பிடிக்கும் விதத்தால் சிக்னல் கோடுகள் சரிவதாகப் புகார்கள் குவிந்தன. கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே முற்றிலும் தவறு என்று ஆப்பிள் நிறுவனம் அப்போது ஒப்புக்கொண்டது. பல இடங்களில் இருந்த சிக்னலைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டப்பட்டிருந்தது. உண்மையான எண்ணைப் பார்க்க வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் அளவு தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். பூஸ்டரைப் பற்றி யோசிப்பவர் முதலில் செய்ய வேண்டியது, இந்த எண்ணை வீட்டின் ஒவ்வோர் அறையிலும், வாசலிலும், மொட்டை மாடியிலும் பார்த்து எழுதிக்கொள்வது.

சிக்னல் தேய்வதற்குத் தூரம் ஒரு காரணம். தடையே இல்லாத வெளியில்கூட, தூரம் இரட்டிப்பானால் வலு கால் பங்காகிறது. மலை குறுக்கிட்டால் அதன் மறுபுறம் நிழல் விழுகிறது. வால்பாறை, கொல்லிமலை போன்ற இடங்களில் ஒரு கொண்டை ஊசி வளைவில் முழுதாக இருக்கும் சிக்னல் அடுத்த வளைவில் காணாமல் போவது இதனால்தான். மழையில் நனைந்த அடர்ந்த இலைகளும் அலையை உறிஞ்சும். ஆனால் நகரங்களில் பெரும்பாலான வீடுகளுக்குப் பகை சுவர்தான். செங்கல் சுவர் ஒன்று 5 முதல் 10 டெசிபெல் வரை, அதாவது டிபிஎம் எண்ணில் 5 முதல் 10 வரை, குறைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் 10 முதல் 20 வரை எடுத்துக்கொள்ளும். வெயிலின் சூட்டைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி, புதிய அலுவலகக் கட்டடங்களின் முகப்பு முழுக்கப் பதிக்கப்படுகிறதே, அது 20 முதல் 30 டெசிபெல் வரை விழுங்கக்கூடியது. தகரக் கூரையும் தகரத் தடுப்பும் அதைவிட மோசம். ஓட்டு வீட்டில் நன்றாக எடுத்த போன், அதே மனையில் இடித்துக் கட்டிய கான்கிரீட் வீட்டில் எடுக்காமல் போவதற்குக் காரணம் டவரில் இல்லை.

அலைவரிசையும் சேர்ந்து விளையாடுகிறது. இந்தியாவில் செல்போன் சேவை 700, 850, 900, 1800, 2100, 2300 முதலிய மெகாஹெர்ட்ஸ் பட்டைகளிலும், 5ஜிக்காக 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் நடக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். 3500 மெகாஹெர்ட்ஸில் அது 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை வளைந்து நெளிந்து தடைகளைச் சுற்றி வருவதில் கெட்டிக்காரத்தனம் உடையது. சுவரையும் ஓரளவு நன்றாகவே ஊடுருவும். குட்டை அலை நிறைய தரவைச் சுமக்கும், ஆனால் சுவர் அதற்குப் பெரிய தடை. வாசலில் 5ஜி காட்டும் போன் சமையலறையில் 4ஜிக்கு இறங்கிவிடுவது இயல்பு.

வீட்டுக்குள் எழுதிய எண்ணையும் மொட்டை மாடியில் எழுதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோயின் வகை தெரிந்துவிடும். மாடியில் மைனஸ் 80, கூடத்தில் மைனஸ் 112 என்றால் குற்றவாளி கட்டடம். பூஸ்டர் என்ற கருவி பிறந்தது இந்த வீட்டுக்காகத்தான். மாடியிலும் மைனஸ் 115தான் என்றால் அந்த இடத்துக்குச் சேவையே வந்து சேரவில்லை. பெருக்குவதற்கு அங்கே கையளவும் இல்லை. பூஸ்டர் வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகை இடங்களில் இருப்பவர்கள். மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. மைனஸ் 75 என்று எண் அருமையாக இருக்கும், ஆனால் மாலை ஏழு மணிக்குமேல் இணையம் நகராது. அது டவரில் கூட்டம் சேர்ந்ததன் விளைவு. எத்தனை மடங்கு பெருக்கினாலும் அங்கே பலன் பூஜ்யம்.

வெளி ஆன்டெனாவாகப் பெரும்பாலும் பயன்படுவது யாகி வகை. ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடா, ஹிதெத்சுகு யாகி ஆகிய இருவரும் 1926இல் அறிவித்த வடிவம் அது. ஒரு நடுத்தண்டில் குறுக்குக் குச்சிகள் வரிசையாக நிற்கும். எந்தத் திசையை நோக்கி நிறுத்துகிறோமோ அந்தத் திசையிலிருந்து வருவதை மட்டும் கூர்மையாகப் பிடிக்கும். தமிழ்நாட்டுக் கூரைகளுக்கு இது புதிதல்ல. தூர்தர்ஷன் காலத்தில் வீட்டுக்கு வீடு நின்றது இதே யாகிதான். 1982இல் இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கியபின், தென் மாவட்டக் கடற்கரை ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவை ஏற்றி, அதோடு ஒரு பூஸ்டரையும் இணைத்து, கடல் தாண்டி வந்த படத்தைப் பார்த்தார்கள். அந்த டிவி பூஸ்டருக்கும் இன்றைய செல்போன் பூஸ்டருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. டிவி பூஸ்டர் கேட்க மட்டுமே செய்தது. ஊரில் எத்தனை வீட்டில் வைத்தாலும் ஒளிபரப்பு நிலையத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. செல்போன் பூஸ்டர் திரும்பப் பேசுகிறது. அது அலையை அனுப்பும் கருவி. இந்தக் கருவியைச் சுற்றியுள்ள எல்லாச் சிக்கல்களும், எல்லாச் சட்டங்களும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

ஆன்டெனா பிடித்ததைக் கேபிள் வழியில் தொலைத்துவிடவும் முடியும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை மெல்லிய சாதாரணக் கேபிளில் 20 மீட்டர் ஓடினால் 9, 10 டெசிபெல் போய்விடும். பத்தில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வந்து சேரும். 1800இல் இழப்பு இன்னும் அதிகம். பழைய டிவி ஆன்டெனா கேபிள் மிச்சம் இருக்கிறதே என்று அதையே இழுத்துக் கட்டுவது பலர் செய்வது. டிவி கேபிள் 75 ஓம், செல்போன் கருவிகள் பெரும்பாலும் 50 ஓம். பொருத்தம் இல்லாத இணைப்பில் அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். தடித்த, இழப்புக் குறைந்த கேபிளுக்குச் செலவிடும் பணம் பெருக்கிக்குச் செலவிடும் பணத்தைவிடப் பல நேரங்களில் அதிகம் பயன் தரும்.

பெருக்கியின் ஆற்றலும் டெசிபெலில்தான் சொல்லப்படுகிறது. 60 டெசிபெல் என்றால் பத்து லட்சம் மடங்கு. 70 என்றால் ஒரு கோடி மடங்கு. இவ்வளவு பெருக்கம் இருக்கும்போது, உள் ஆன்டெனா பரப்புவதில் ஒரு துளி கசிந்து வெளி ஆன்டெனாவை எட்டினாலும் போதும், அது மறுபடி ஒரு கோடி மடங்காகி, மறுபடி கசிந்து, மறுபடி பெருகும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் எழும் அலறல் இதேதான். பூஸ்டரின் அலறல் காதுக்குக் கேட்காது, சுற்றியுள்ள டவர்களுக்குக் கேட்கும். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையிலான தடுப்பு, பெருக்கத்தைவிடக் குறைந்தது 15 டெசிபெலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் கடைப்பிடிக்கும் அளவு. பக்கவாட்டில் தள்ளிவைப்பதைவிட மேலும் கீழுமாக வைப்பது நல்லது. நடுவே ஒரு கான்கிரீட் தளம் இருந்தால் இன்னும் நல்லது. தகரக் கூரை போட்ட சிறு வீட்டில் ஆறடி இடைவெளியில் இரண்டையும் மாட்டும்போது இந்தக் கணக்கு எதுவும் தேறாது. நல்ல கருவி அலறலை உணர்ந்து தானே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். மலிவான கருவியில் அந்த அறிவு இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது.

பட்டைப் பொருத்தம் அடுத்தது. கடைகளில் அதிகம் புழங்கும் கருவிகள் 900, 1800, 2100 ஆகிய மூன்று பட்டைகளுக்கானவை. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 ஆகியவற்றில் ஓடுகிறது. அந்தப் பகுதியில் போன் 2300ஐப் பிடித்திருந்தால் இந்தக் கருவி அதைத் தொடவே தொடாது. 2300 பட்டையும் 3300க்கு மேற்பட்ட 5ஜியும் போனிலிருந்து டவருக்கான மேல்போக்கு, டவரிலிருந்து போனுக்கான கீழ்வரவு இரண்டையும் ஒரே அலைவரிசையில் நொடியின் சிறு துணுக்குகளாக மாற்றி மாற்றி நடத்துகின்றன. அவற்றைப் பெருக்கும் கருவி டவரின் தாளத்துக்குச் சரியாகத் திசை மாறியாக வேண்டும். விலை குறைந்த கருவிகளிடம் எதிர்பார்க்கக்கூடிய வேலை இல்லை இது. 4ஜி போன் இரண்டு அல்லது நான்கு ஆன்டெனாக்களால் வெவ்வேறு தரவு ஓடைகளை ஒரே நேரத்தில் வாங்கி வேகத்தைக் கூட்டுகிறது. ஒற்றைக் கேபிள் பூஸ்டர் வழியாக வரும்போது அந்த ஓடைகள் ஒன்றாகக் குழம்பிவிடும். அதனால் கோடுகள் கூடியும் வேகம் குறைந்த அனுபவம் பலருக்கு நேர்கிறது.

சிக்னலைப் பெருக்கும் கருவி இரைச்சலையும் அதே அளவு பெருக்குகிறது. தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் விடுகிறது. வெளி ஆன்டெனா உயரத்தில் நின்று, டவரை நேராகப் பார்த்து, இரைச்சலைவிட மேலான சிக்னலைப் பிடித்தால்தான் உள்ளே வருவதும் சுத்தமாக இருக்கும். எனவே பூஸ்டரின் வெற்றியில் பெரும்பங்கு மாடிக் கம்பத்தில்தான் தீர்மானமாகிறது.

இரைச்சலின் பெரிய பாதிப்பு எதிர்த்திசையில் நிகழ்கிறது. டவரில் இருக்கும் வாங்கி பல கிலோமீட்டர் தூரத்துப் போனின் மெல்லிய குரலைக்கூடப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டது. 4ஜி போன் அதிகபட்சமாக வெளியிடுவது 0.2 வாட். அருகில் இருக்கும் போனை டவர் அடிக்கடி “குறைத்துப் பேசு” என்று கட்டளையிட்டு அடக்கிவைக்கிறது. அப்போதுதான் தூரத்தில் இருப்பவரின் குரல் கேட்கும். இந்த ஒழுங்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சரிபார்க்கப்படுகிறது. டவருக்கு அரை கிலோமீட்டரில் ஒரு வீட்டு மாடியில் தரமற்ற பூஸ்டர் நின்றால், அந்த வீட்டில் யாரும் பேசாத நேரத்திலும் அது தன் இரைச்சலை இரவு பகலாக டவரை நோக்கி ஊதிக்கொண்டிருக்கும். டவரின் கட்டளைக்கு அது கட்டுப்படாது. இரைச்சல் மட்டம் உயர உயர டவரின் எட்டும் தூரம் சுருங்குகிறது. முதலில் அறுபடுவது எல்லையில் இருப்பவரின் இணைப்பு. அந்த மனிதர் ஊருக்கு வெளியே, தோட்டத்து வீட்டில், பாம்பு கடித்தவரை வைத்துக்கொண்டு 108ஐ அழைத்துக்கொண்டிருக்கலாம். தன் அழைப்பு ஏன் போகவில்லை என்பது அவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. பூஸ்டர் வைத்தவருக்கும் தெரியப்போவதில்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் அறியாமலேயே நடக்கும் தீங்கு என்பதால்தான் இதில் தனிமனித விவேகத்தை மட்டும் நம்ப முடியாமல் போகிறது.

அமெரிக்கா இதை ஒழுங்குபடுத்திய விதம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2013 பிப்ரவரியில் நுகர்வோர் பூஸ்டர்களுக்கான விதிகளை வகுத்தது. 2014 மார்ச் 1 முதல் அந்த விதிகளுக்கு உட்பட்ட கருவிகளை மட்டுமே விற்கலாம் என்றது. அலறலை உணர்ந்து தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். டவர் அருகில் இருந்தால் பெருக்கம் குறைய வேண்டும். இரைச்சலுக்கு உச்சவரம்பு உண்டு. வாகனத்தில் வைக்கும் கருவிக்குப் பெருக்கம் 50 டெசிபெலுக்கு மேல் கூடாது. வாங்கியவர் தம் சேவை நிறுவனத்திடம் கருவியைப் பதிவு செய்ய வேண்டும். அவசர அழைப்பின்போது அழைப்பவரின் இருப்பிடம் தவறாகத் தெரியக்கூடும் என்ற எச்சரிக்கை கருவியின் மேலேயே அச்சிடப்பட வேண்டும். மைல் கணக்கில் பண்ணைகளும் பாலைவனச் சாலைகளும் விரிந்த நாட்டில் தேவை இருக்கிறது என்பதை ஏற்று, தீங்கை மட்டும் தொழில்நுட்பத்தால் கட்டிய ஏற்பாடு அது. பிரிட்டனும் 2018இல், நிபந்தனைகளை நிறைவு செய்யும் சில வகைக் கருவிகளைத் தனி உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள வழிவிட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமம் இல்லாமல் வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவி வைத்திருக்க அரசின் அங்கீகாரம் தேவை என்கிறது. உரிமம் பெற்ற சேவை நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் செல்போன் பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொதுமக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தது. இணையக் கடைகளுக்கும் இது பொருந்தும். அப்படியும் கருவிகள் விற்கப்படுகின்றன. வாங்குபவரிடம் இந்த விவரம் சொல்லப்படுவதில்லை. வானொலிக் கண்காணிப்பு அலுவலர்கள் திசையறியும் ஆன்டெனாவோடு தெருத் தெருவாக வந்து, இரைச்சல் எந்த மாடியிலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, கருவியைக் கழற்றிப் பறிமுதல் செய்வது நாட்டின் பல நகரங்களில் நடந்திருக்கிறது. நெருக்கமாக வீடுகளும் நெருக்கமாக டவர்களும் உள்ள இந்திய நகரங்களில் இந்தக் கண்டிப்புக்கு வலுவான நியாயம் உண்டு. ஆனால் மலைக் கிராமத்தின் தனி வீட்டுக்கும் அதே தடை என்பது கடுமைதான். தரச்சான்றும் பதிவும் கொண்ட ஒரு வழி அங்கே திறக்கப்பட்டால் பயன்பெறுவோர் பலர்.

பேட்டரிக்குப் பின்னால் ஒட்டும் பொன்னிற ஸ்டிக்கர், ‘சிக்னல் பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் செயலிகள் ஆகியவற்றுக்குச் சில வரிகள் போதும். மின்சாரமே இல்லாத ஒட்டுத்தாளால் எதையும் பெருக்க முடியாது. செயலிகள் செய்வது போனின் வானொலியை ஒருமுறை அணைத்து எழுப்புவதுதான். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தாலும் அதே பலன் கிடைக்கும்; போன் பிடித்துக்கொண்டிருந்த தொலைதூர டவரை விட்டுவிட்டு, கிடைப்பதில் நல்லதைப் புதிதாகத் தேடும்.

செலவில்லாத வேறு வழிகளும் இருக்கின்றன. தடித்த உறை, அதிலும் உலோகம் கலந்த உறை, சில டெசிபெல்களைத் தின்றுவிடும். உள்ளறையில் 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால் அமைப்பில் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்துவிடலாம். போன் ஓயாமல் தேடுவது நின்று பேட்டரியும் நிலைக்கும். இரண்டு சிம் போடும் வசதி இருக்கும்போது, அந்த ஊரில் எந்த நிறுவனத்தின் டவர் நன்றாக எட்டுகிறதோ அதன் சிம்மை இரண்டாவதாகப் போடுவது பல குடும்பங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த தீர்வு. எந்த நிறுவனத்தின் சேவை எங்கே எட்டுகிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளங்களில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்து, 2025இல் அது நடைமுறைக்கு வந்தது. சிம் வாங்குமுன் அதைப் பார்ப்பது நல்லது. ஆனால் அந்த வரைபடம் திறந்த வெளிக்கானது. கான்கிரீட்டின் கணக்கு அதில் இல்லை.

வீட்டில் பிராட்பேண்ட் இருக்குமானால் பூஸ்டரின் தேவையே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வைஃபை காலிங் என்ற வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்தியாவில் தொடங்கின. அழைப்பு டவருக்குப் போகாமல், வீட்டு வைஃபை வழியாக, குறியாக்கம் செய்யப்பட்ட ஒரு தனிப்பாதையில் சேவை நிறுவனத்தின் மையத்தைச் சேர்கிறது. அதே எண், அதே டயல் திரை. வாட்ஸ்அப்பைப் போல எதிர்முனையிலும் ஒரு செயலி வேண்டும் என்ற தேவை இல்லை. லேண்ட்லைனுக்கும் பேசலாம். குரலுக்கு நொடிக்கு நூறு கிலோபிட் அளவு வேகம் இருந்தாலே போதும். பெரும்பாலான புதிய போன்களில் இந்த வசதி இருக்கிறது. அமைப்பில் ஒரு பொத்தானை இயக்கினால் சரி. இந்த ஒரு பொத்தானைப் பற்றித் தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சட்டவிரோதக் கருவி வாங்குவது வருத்தத்துக்குரியது. குறை ஒன்றுதான்: மின்சாரம் நின்றால் ரூட்டரும் நிற்கும். ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் அதைச் சமாளிக்கும். கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனத்தின் மூலம் 12,525 ஊராட்சிகளை நோக்கமாகக் கொண்டு நடக்கிறது. இழை வந்து சேரும் ஊர்களில், டவர் எட்டாத வீடும் இந்த வழியில் பேச முடியும்.

பெரிய கட்டடங்களின் கதை தனி. மருத்துவமனை, வணிக வளாகம், சுரங்க ரயில் நிலையம் போன்றவற்றில் சேவை நிறுவனங்களே கட்டடம் முழுக்கச் சிறு ஆன்டெனாக்களைப் பரப்பி, கேபிளாலும் கண்ணாடி இழையாலும் இணைத்துவிடுகின்றன. பொய்க்கூரையில் புகையறியும் கருவி அளவுக்கு வெள்ளையாக உட்கார்ந்திருப்பவை பல இடங்களில் அந்த ஆன்டெனாக்கள். கட்டும்போதே இதற்குக் குழாயும் இடமும் விட்டால் செலவு மிகக் குறைவு. கட்டிய பிறகு சுவரைக் குடைவது பெரும்பாடு. அடுக்குமாடி வீடு வாங்குவோர் நீரையும் மின்சாரத்தையும் விசாரிக்கிறார்கள், சிக்னலை விசாரிப்பதில்லை. இதை மனத்தில் கொண்டு, கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புத் தரத்துக்கு நட்சத்திரக் குறி வழங்கும் விதிமுறையை டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது.

சேவையே எட்டாத ஊர்களுக்குத் தேவை டவர்தான். 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல ரூ.26,316 கோடி செலவில் ஒரு திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. பிஎஸ்என்எல் அதை நிறைவேற்றுகிறது. அரசு நிதியில் எழுந்த இத்தகைய டவர்களைப் பிற நிறுவனங்களின் சிம் வைத்திருப்பவர்களும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. ஒரே மலையில் மூன்று நிறுவனங்கள் மூன்று டவர் நாட்டும் வரை மக்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் பொருள். மலை மாவட்டங்களுக்கு எந்தப் பெருக்கியையும்விட இது பெரிய உதவி.

குறிப்பிட்ட தெருவிலோ கட்டடத்திலோ சிக்னல் இல்லை என்றால் முதலில் 198 எண்ணில் சேவை நிறுவனத்திடம் புகார் பதிய வேண்டும். தனிப்பட்டவர்களின் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. நிறுவனம் தரும் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு, தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அதற்குப் பிறகு மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்திலும் முறையிடலாம். “சிக்னல் சரியில்லை” என்ற ஒற்றை வரிக்குப் பதில், எந்த அறையில், எந்த நேரத்தில், எத்தனை டிபிஎம், மாடியில் எத்தனை என்ற எண்களோடு புகார் கொடுத்தால் பொறியாளர் அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு குடியிருப்பின் பல வீடுகள் சேர்ந்து கேட்கும்போது, ஆன்டெனாவின் சாய்வைத் திருத்துவதோ, சிறு டவர் வைப்பதோ, உரிமம் பெற்ற தன் ரிப்பீட்டரைத் தானே கொண்டுவந்து பொருத்துவதோ நிறுவனத்தால் முடியும். இந்தியச் சட்டத்தின்கீழ் பூஸ்டர் ஒரு கட்டடத்துக்குள் நுழையக்கூடிய வழி அது ஒன்றுதான்.